வோல்வோ எக்ஸ்சி60: 2025 புதுப்பிப்பு

வோல்வோ எக்ஸ்சி60 என்பது சுவீடனைச் சேர்ந்த வோல்வோ கார்ஸ் நிறுவனம் தயாரிக்கும் நடுத்தர அளவுச் சொகுசு எஸ்யூவி ஆகும். இதன் முதல் தலைமுறை 2008-இலும், இப்போதுள்ள இரண்டாம் தலைமுறை 2017-இலும் வெளிவந்தன. இரண்டாம் தலைமுறை 2021-இல் ஒரு முறையும் 2025-இல் மறுமுறையும் புதுப்பிக்கப்பட்டது. பிஎம்டபிள்யூ எக்ஸ்3, மெர்சிடிஸ் பென்ஸ் ஜிஎல்சி, ஆடி கியூ5 ஆகிய ஜெர்மானிய வண்டிகள் இதன் முக்கியப் போட்டியாளர்கள். 2025 புதுப்பிப்பில் எது மாறியது, எது மாறவில்லை, அதை எப்படி மதிப்பிடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

புதுப்பிப்பு என்றால் என்ன?

ஒரு கார் புதிய தலைமுறைக்கு மாறுவதும், அதே தலைமுறை புதுப்பிக்கப்படுவதும் வெவ்வேறு. புதிய தலைமுறையில் அடித்தளம், உடற்கூடு, கதவுகள், கூரை என எல்லாமே புதிதாக வடிவமைக்கப்படும். இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சுகளையும் புதிதாகச் செய்ய வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு பிடிக்கும். எனவே நிறுவனங்கள் ஒரு தலைமுறையின் இடைக்காலத்தில் முன்பக்கக் கிரில், பம்பர், விளக்குகள், திரை, இருக்கைத் துணி போன்றவற்றை மட்டும் மாற்றி வண்டியைப் புதிதாகக் காட்டும். வாகனத் துறையில் இதை ஃபேஸ்லிஃப்ட் என்பர்.

எக்ஸ்சி60-இன் போட்டியாளர்கள் மூன்றும் அண்மையில் புதிய தலைமுறைக்கு மாறிவிட்டன. ஜிஎல்சி 2022-இலும், எக்ஸ்3, கியூ5 இரண்டும் 2024-இலும் மாறின. எக்ஸ்சி60 மட்டும் 2017-ஆம் ஆண்டு உடற்கூட்டுடனேயே தொடர்கிறது. 2030-க்குள் முழுவதும் மின்சாரக் கார்களையே விற்போம் என்று 2021-இல் அறிவித்த வோல்வோ, 2024 செப்டம்பரில் அந்த இலக்கைத் தளர்த்தியது. ஆகவே பெட்ரோலில் ஓடும் பழைய வண்டிகளுக்கு இன்னும் சில ஆண்டுகள் வேலை இருக்கிறது.

மாறியவை

• நடுத்திரை 9 அங்குலத்திலிருந்து 11.2 அங்குலமாகப் பெரிதாகியுள்ளது.
• திரையை இயக்கும் கணினிப் பகுதி, குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் சில்லுக்கு மாறியுள்ளது. கட்டளைக்குத் திரை முன்பைவிட விரைவாகப் பதிலளிக்கிறது.
• முன்பக்கக் கிரிலில் செங்குத்துக் கோடுகளுக்குப் பதிலாகச் சாய்வுக் கோடுகள் வந்துள்ளன.
• பின்விளக்குகளின் நிறம் கருமையாக்கப்பட்டுள்ளது. புதிய வண்ணங்களும் சக்கர வடிவங்களும் சேர்க்கப்பட்டுள்ளன.

மாறாதவை

உடற்கூடு, அடித்தளம், எஞ்சின் ஆகியவை பழையவையே. பி5 எனப்படும் வகையில் 2 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் உள்ளது. இது 250 குதிரைத்திறனும் 360 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் தருகிறது. எட்டு வேகத் தானியங்கிக் கியர்பெட்டி நான்கு சக்கரங்களையும் இயக்குகிறது. 2020 முதல் வோல்வோ தன் கார்களின் உச்ச வேகத்தை மணிக்கு 180 கிலோமீட்டராகக் கட்டுப்படுத்தியுள்ளது; இவ்வண்டியும் அதற்கு விலக்கல்ல.

பி5 வகையை மைல்டு ஹைபிரிட் என்று விற்கிறார்கள். இச்சொல்லைக் கேட்டு இது மின்சாரத்தில் தனியே ஓடும் என்று எண்ணிவிடக் கூடாது. எஞ்சினோடு இணைந்த ஒரு சிறு மின்னோடி, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதியை மின்சாரமாக்கி 48 வோல்ட் மின்கலத்தில் சேமிக்கிறது. வண்டி மீண்டும் கிளம்பும்போது அது எஞ்சினுக்குச் சற்றுத் தோள் கொடுக்கிறது. அவ்வளவே அதன் வேலை. வீட்டில் மின்னேற்றிச் சில பத்துக் கிலோமீட்டர் மின்சாரத்திலேயே ஓட்டக்கூடியது, டி8 எனப்படும் பிளக்-இன் ஹைபிரிட் வகை. அதில் 18.8 கிலோவாட் மணி மின்கலம் உள்ளது; எஞ்சினும் மின்னோடியும் சேர்ந்து 455 குதிரைத்திறன் தருகின்றன.

பாதுகாப்பு

வோல்வோவின் பெயருக்கு அடிப்படை பாதுகாப்புதான். இன்று எல்லாக் கார்களிலும் உள்ள மூன்று முனை இருக்கைப் பட்டையை 1959-இல் வடிவமைத்தவர் அந்நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின். பிற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்த வோல்வோ வழிவிட்டது. எக்ஸ்சி60-இன் முதல் தலைமுறையில், மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் குறைவான வேகத்தில் முன்செல்லும் வண்டியில் மோதப்போவதை உணர்ந்து தானே பிரேக் பிடிக்கும் சிட்டி சேஃப்டி அமைப்பு வந்தது.

இரண்டாம் தலைமுறை, 2017-இல் ஐரோப்பாவின் யூரோ என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. பெரியவர்களின் பாதுகாப்புக்கு 98 விழுக்காடு மதிப்பெண் கிடைத்தது. இது மிகச் சிறந்த மதிப்பெண். ஆனால் நட்சத்திரத்துடன் ஆண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். யூரோ என்கேப் தன் சோதனைகளை அவ்வப்போது கடுமையாக்கி வருகிறது. எடுத்துக்காட்டாக, எதிரே வரும் வண்டியுடன் நேருக்கு நேர் மோதுவதைப் போன்ற நகரும் தடுப்புச் சோதனை 2020-இல்தான் வந்தது. 2017-இன் ஐந்து நட்சத்திரத்தையும் இன்றைய ஐந்து நட்சத்திரத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது.

தொடுதிரையும் பொத்தானும்

இப்புதுப்பிப்பின் மையம் திரை. ஆனால் குளிர்சாதன வெப்பநிலை, காற்றின் வேகம் போன்றவற்றை மாற்றவும் அதே திரையைத்தான் தொட வேண்டும். பொத்தானைக் கை தடவியே கண்டுகொள்ளும். வழவழப்பான கண்ணாடியில் கண் போனால்தான் விரல் போகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 44 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலே போயிருக்கும்.

இதனால்தான் யூரோ என்கேப், திருப்ப விளக்கு, அபாய விளக்கு, ஒலிப்பான், கண்ணாடித் துடைப்பான், அவசர அழைப்பு ஆகியவற்றுக்கு 2026 முதல் தனி விசைகளை எதிர்பார்க்கிறது. திருப்ப விளக்கும் துடைப்பானும் எக்ஸ்சி60-இல் நெம்புகோல்களில் உள்ளன; அபாய விளக்குக்கும் தனிப் பொத்தான் உண்டு. குளிர்சாதனம் அந்தப் பட்டியலில் இல்லை. இருப்பினும் வெயில் நாட்டில் ஓட்டுநர் அடிக்கடி கைவைப்பது அதில்தான். வண்டி புறப்படுமுன்பே வெப்பநிலையை அமைத்துக்கொள்வதும், குரல் கட்டளையைப் பழகிக்கொள்வதும் நல்லது.

இந்தியாவில்

புதுப்பிக்கப்பட்ட எக்ஸ்சி60 இந்தியாவில் 2025 ஆகஸ்டில் அறிமுகமானது. அறிமுக ஷோரூம் விலை 71.90 இலட்சம் ரூபாய். சாலை வரியும் காப்பீடும் இதற்கு மேல். பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டையில் வண்டி கோக்கப்படுகிறது. இங்கு பி5 பெட்ரோல் வகையே விற்பனைக்கு வந்தது.

மதிப்பீடு

1974 முதல் 1993 வரை தயாரான வோல்வோ 240-ஐ முந்தி, அந்நிறுவன வரலாற்றிலேயே மிக அதிகமாக விற்ற கார் என்ற பெயரை எக்ஸ்சி60 2025-இல் பெற்றது. அடிப்படையில் நல்ல வண்டி என்பதற்கு இது சான்று. முந்தைய வடிவத்தை வைத்திருப்பவர், பெரிய திரைக்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை; சாலையில் வண்டியின் நடத்தை ஏறக்குறைய அதேதான். புதிதாக வாங்குவோர், போட்டியாளர்களின் புதிய உடற்கூட்டையும் இதன் அமைதியான பயணத்தையும் ஒப்பிட்டு ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். எந்தப் புதுப்பிப்பானாலும் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: உடற்கூடு எந்த ஆண்டினது? மோதல் சோதனை எந்த ஆண்டினது? அன்றாடம் தேவைப்படும் விசைகளில் எத்தனையைச் சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் இயக்கலாம்?