சுகர் ஃப்ரீ மைசூர்பாக்கில் சர்க்கரைதான் இல்லை

போன தீபாவளியன்று என் பெரியப்பா நான்கு துண்டு மைசூர்பாக்கு சாப்பிட்டார். எழுபதைத் தாண்டியவர், இருபது வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர். “சுகர் ஃப்ரீடா, கடைக்காரனே சொன்னான்” என்று பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினார். பச்சை எழுத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. எதைப் போட்டு இனிக்க வைத்தார்கள் என்பது மட்டும் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் இல்லை. சாயங்காலம் விரலில் குத்திப் பார்த்தபோது மீட்டர் 290 காட்டியது. அன்றைய இட்லிக்கும் வடைக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால் நான்காவது துண்டை எடுக்கிற தைரியத்தை அவருக்குக் கொடுத்தது அந்த மூடி.

செயற்கை இனிப்பூட்டி நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் அதனால்தான் நான் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். சர்க்கரை பண்டத்துக்கு இனிப்பை மட்டும் தருவதில்லை. பாகு காய்ச்சியவர்களுக்குத் தெரியும், அதன் கனமும் பதமும் சர்க்கரையால் வருவதுதான். சுக்ரலோஸ் சர்க்கரையைப் போல் சுமார் 600 மடங்கு இனிப்பது. கால் கிலோ சர்க்கரையின் இனிப்புக்கு அதில் அரை கிராம்கூட வேண்டாம். சரி, காலியான இடத்தை எதைப் போட்டு நிரப்புவது? மால்டிடால், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று சில பொருட்கள் இருக்கின்றன. மால்டிடாலில் சர்க்கரையில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேலான கலோரி உண்டு. ரத்தச் சர்க்கரையை அது மெதுவாக ஏற்றும், ஆனால் ஏற்றும். மால்டோடெக்ஸ்ட்ரினோ மாவுச்சத்தை உடைத்துச் செய்வது. சாப்பிட்டதும் விறுவிறுவென்று குளுக்கோஸாக மாறிவிடும். இவை போக, கடலை மாவும் நெய்யும் எங்கும் போய்விடவில்லை. பேரீச்சம்பழம் அரைத்துச் செய்த ‘சர்க்கரை சேர்க்காத’ லட்டுக்கும் இதே கதைதான். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் பாட்டி வைத்தியத்தில் எப்படியோ, குளுக்கோமீட்டருக்கு அவையும் சர்க்கரைதான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகளின்படி, 100 கிராமில் அல்லது 100 மில்லிலிட்டரில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும் பண்டத்தை ‘சுகர் ஃப்ரீ’ என்று சொல்லக்கூடாது. ஆனால் அந்த விதி எண்ணுவது சர்க்கரையை மட்டுமே. மாவுச்சத்தும் கொழுப்பும் அந்தக் கணக்கில் வராது. விதிக்கு உட்பட்ட பண்டமேகூட சர்க்கரை நோயாளிக்கு ஆகாததாக இருக்கலாம்.

இனி, இனிப்பூட்டிகளிடம் வருவோம். இவை பெரும்பாலும் கவனக்குறைவில் பிறந்த குழந்தைகள். 1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தார் எண்ணெயிலிருந்து பிரித்த பொருட்களை ஆராய்ந்துகொண்டிருந்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார், ரொட்டி இனித்தது. அதுதான் சாக்ரின். 1965-இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் காகிதத்தை எடுக்க விரலை நக்கியதில் அஸ்பார்டேம் கிடைத்தது. சுக்ரலோஸின் கதையில் ஓர் இந்தியர் வருகிறார். 1976-இல் லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த சசிகாந்த் பட்னிஸ், பொருளை ‘டெஸ்ட்’ செய்யச் சொன்னதை ‘டேஸ்ட்’ என்று காதில் வாங்கி நாக்கில் வைத்துவிட்டாராம். ஆய்வகத்தில் அப்படிச் செய்யக்கூடாது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.

புற்றுநோய் பயம் இவற்றோடு கூடவே வளர்ந்தது. எலிகளுக்கு அதிக அளவு சாக்ரின் கொடுத்ததில் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததால் 1970-களில் அமெரிக்காவில் பெரிய களேபரம். எலியின் சிறுநீருக்கே உரிய தன்மையால் வந்தது அது, மனிதருக்குப் பொருந்தாது என்று பின்னர் தெளிவாகி, 2000-இல் எச்சரிக்கை வாசகத்தை நீக்கினார்கள். 2023 ஜூலையில் அஸ்பார்டேமின் முறை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை ‘2பி’ பட்டியலில், அதாவது புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம் என்ற பிரிவில் சேர்த்தது. வாட்ஸ்அப் குழுக்கள் பற்றி எரிந்தன. செல்போன் அலையும் அதே பட்டியலில் இருக்கிறது என்பதை யாரும் பகிரவில்லை. அந்தப் பட்டியல் சொல்வது ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைத்தான். ஆபத்து எவ்வளவு என்பதை அது அளப்பதில்லை. அதே நாளில் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 2,400 மில்லிகிராம். காபியில் போடும் ஒரு மாத்திரையில் 20 மில்லிகிராம் என்று வைத்தால் 120 மாத்திரை. யாரும் அவ்வளவு காபி குடிப்பதில்லை. ஆனால் 15 கிலோ குழந்தைக்கு வரம்பு 600 மில்லிகிராம்தான். ஒரு டயட் பானக் குப்பியில் 200 முதல் 300 வரை இருக்கலாம் என்பதால் இரண்டு மூன்றிலேயே வரம்பு வந்துவிடும். ‘குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை’ என்ற வரியைப் பொடி எழுத்தில் அச்சடித்தாலும் பெரிதாகவே படியுங்கள்.

என்னைக் கேட்டால், புற்றுநோயைவிட யோசிக்க வேண்டியது வேறு. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடையைக் குறைக்க இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. சில மாத ஆய்வுகளில் எடை கொஞ்சம் குறைகிறது. பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளிலோ, இவற்றை அதிகம் சாப்பிட்டவர்களிடம் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுதலாகத் தெரிகின்றன. அது இனிப்பூட்டியால் வந்ததா, ஏற்கெனவே உடல் பருத்தவர்கள்தான் அதை நாடுகிறார்களா என்பதைப் பிரிப்பது கடினம்; அதனால் அதை நிபந்தனையோடு கூடிய பரிந்துரை என்றே வைத்தார்கள். ‘இயற்கை’ என்று விற்கும் சீனித்துளசிக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தும். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். செய்தியைச் சுருக்கியவர்கள் இந்தக் கடைசி வரியைத்தான் முதலில் வெட்டினார்கள்.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றிச் சென்னையிலேயே ஓர் ஆய்வு நடந்தது. டாக்டர் வி. மோகனின் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனத்தார் 179 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்குக் காபி, டீயில் சர்க்கரைக்குப் பதிலாக 12 வாரம் சுக்ரலோஸ் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி அளவில் வித்தியாசமில்லை. எடையும் இடுப்புச் சுற்றளவும் கொஞ்சம் குறைந்தன. அதாவது நாளுக்கு இரண்டு டம்ளர் காபியில் அளவாகச் சேர்த்தால் கெடுதல் தெரியவில்லை. பெரிய நன்மையும் இல்லை. காபியில் மிச்சம் பிடித்த கலோரியைக் காராபூந்தியில் செலவழித்தால் அந்தச் சின்ன நன்மையும் போயிற்று.

சமையலில் கவனிக்க வேண்டியதும் உண்டு. அஸ்பார்டேம் கொதியில் உடைந்து இனிப்பை இழக்கும். பாயசத்தை இறக்கிய பிறகு போடுகிற பொருள் அது. சுக்ரலோஸை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் தீங்கான பொருட்கள் உண்டாகலாம் என்று ஜெர்மன் அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-இல் எச்சரித்தது. சார்பிட்டால், மால்டிடால் அதிகமானால் வயிறு உப்பும், பேதியாகும். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது. நாய் வளர்க்கும் வீடுகளுக்கு ஒரு செய்தி: சுயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் நாய்க்கு விஷம்.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும்போது பெயர் புரியாவிட்டால் எண்ணைப் பாருங்கள். 950 அசிசல்ஃபேம், 951 அஸ்பார்டேம், 954 சாக்ரின், 955 சுக்ரலோஸ், 960 சீனித்துளசிச் சாறு, 965 மால்டிடால், 968 எரித்ரிட்டால்.

மாத்திரையைக் கண்டு பயப்படும் பலர் தெரியாமலே சாக்ரினைக் குடிக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. நெடுஞ்சாலை ஓரத்தில் பனைக்குப் பருவமே இல்லாத மாதத்திலும் பதநீர் விற்கிறதே, அதில் பனையின் பங்கு எவ்வளவு? தண்ணீர், சுண்ணாம்பு, சாக்ரின் போதும். குடித்து வெகுநேரம் கழித்தும் தொண்டையில் இனிப்பு நின்று, அடியில் ஒரு கசப்பு தட்டினால் சந்தேகப்படலாம். இனிப்பூட்டிகளை அனுமதித்த பண்டங்களில், அனுமதித்த அளவில், எழுதி ஒட்டித்தான் சேர்க்க வேண்டும். பதநீரில் சேர்ப்பது கலப்படம்.

புகார் செய்ய நினைப்பவர்கள் மூன்றைப் பத்திரப்படுத்த வேண்டும்: பில், பாக்கெட், லேபிளின் படம். பெரியப்பா பில் வாங்கவில்லை; எங்கள் வழக்கு அங்கேயே முடிந்தது. தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் படத்தோடு எழுதலாம். பொய் விளம்பரம் என்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நுகர்வோர் உதவி எண் 1915.

பலருக்கும் தெரியாத உரிமை ஒன்று அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவில் இருக்கிறது. வாங்கிய பண்டத்தை நீங்களே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை, சோதிக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்கே சில கடைகளில் பண்டம் தீர்ந்துபோகும். விதிமீறல் என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கிண்டி, சேலம், கோவை, மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு ஆய்வகங்கள் இருக்கின்றன. உடம்புக்குக் கெடுதல் வந்து இழப்பீடு கேட்பதானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.