பழைய புல்லட்டின் வேற்று ஓசைகள்

தணிக்கைக்காகச் சங்கங்களுக்குச் செல்லும்போது, கணக்குப் பார்த்து முடிந்த பின்னர் அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்பவையெல்லாம் பங்குத் தொகையையும் வட்டியையும் பற்றிய கேள்விகளாக இருப்பதில்லை. "வண்டியில் ஏதோ தட்டுகிறது, எஞ்சினை இறக்கவேண்டும் என்கிறார் மெக்கானிக், இறக்கத்தான் வேண்டுமா?" என்பதும் அடிக்கடி வரும் கேள்வியே. நாமும் பழைய புல்லட் ஒன்றிலேயே சுற்றுப்பிரயாணம் செய்து வருகிறோமாதலால், இவ்விஷயத்தில் நமக்குத் தெரிந்தவற்றை இங்கே எழுதுவது பொருந்தும் என்று கருதினோம். நூல் கட்டையும் சேலை மூட்டையையும் சுமக்கும் வண்டி, விடியுமுன் பூவையும் காய்கறியையும் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் வண்டி, ஒரு மாதம் பட்டறையில் கிடந்தால் அம்மாத வருமானமும் அதனோடு கிடக்கிறது. எஞ்சினை முழுவதும் பிரித்துச் செப்பனிடும் செலவோ, சிறு குடும்பத்தின் ஒரு பருவத்துச் சேமிப்பை விழுங்கிவிடக்கூடியது.

நாம் இங்கே கூறுவது, வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய 350 புல்லட்டைப் பற்றியது. இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் நகரத்துக் கம்பெனியின் மாதிரியைக் கொண்டு, 1955-இல் தொடங்கப்பெற்ற என்பீல்டு இந்தியா கம்பெனி சென்னையை அடுத்த திருவொற்றியூரில் செய்த வண்டி அது. சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர்; கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். வால்வுகளைத் தள்ளுவதற்கு நீண்ட புஷ்ராடுகள் இரண்டு உண்டு. எஞ்சின் வேறு, கியர்ப்பெட்டி வேறு. 2008-க்குப் பின்னர் படிப்படியாக இடம் பிடித்த புதிய எஞ்சின்களின் அமைப்பு வேறாகையால், கீழே வருவனவற்றை அவற்றிற்கு அப்படியே பொருத்திப் பார்க்கலாகாது.

இவ்வெஞ்சின் நல்ல நிலையில் இருக்கும்போதும் மௌனமாக ஓடுவதன்று. டாப்பெட்டின் மெல்லிய "டிக் டிக்" ஓசையும், வலப்புறத்துப் பற்சக்கரங்களின் முணுமுணுப்பும், இடப்புறத்துச் செயினின் சரசரப்பும் அதற்கு இயல்பானவை. தறியின் ஓசையை நெசவாளர் கவனிப்பதில்லை. ஆனால் நாடா பெட்டியில் மோதும் ஓசை சற்றே மாறினால் கை தானே நின்றுவிடுகிறது. கிணற்றடி ஆயில் எஞ்சினின் ஓசை மாறினால், வரப்பின் கோடியில் நிற்கும் விவசாயி நிமிர்ந்து பார்க்கிறார். இத்தகைய காது உடையவர்கள், வண்டி நல்ல நிலையில் உள்ளபோதே அதன் ஓசையை ஒருமுறை நிதானமாகக் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டால் அதுவே பெரிய உதவி.

ஓசை பெரிதாக இருப்பதனால் பழுதும் பெரிதென்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் இதற்கு மாறாகவே காண்கிறோம். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கடகடவென்று ஒலிப்பது ஒரு போல்ட்டை முறுக்கினால் தீர்ந்துபோகும். எஞ்சினையே அழிக்கக்கூடிய பழுதோ, அடித்தொண்டையில் பேசுவதுபோல மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். ஆகையால் எவ்வளவு ஓசை என்று கேட்பதைக் காட்டிலும் எப்பொழுது ஓசை என்று கேட்பதே பயன் தரும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்பா? நின்ற இடத்தில் ஓடும்போதா, பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போதா? அதன் தாளம் என்ன?

தாளத்தைச் சற்று விளக்கவேண்டும். இது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். சைலென்சரில் ஒரு "டுப்" ஓசை வருவதற்குள் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுகிறது. வால்வு ஒவ்வொன்றும் ஒருமுறைதான் திறந்து மூடுகிறது. எனவே, எஞ்சினை மிக மெதுவாக ஓடவிட்டுக் கேட்கும்போது, "டுப்" ஒன்றிற்குத் தட்டு ஒன்றாக வந்தால் வால்வு, டாப்பெட், அல்லது வெடிப்புச் சம்பந்தமான கோளாறு என்று பெரும்பாலும் கொள்ளலாம். "டுப்" ஒன்றிற்குத் தட்டு இரண்டாக வந்தால் கிராங்கைச் சேர்ந்த உறுப்புகளின்மேல் சந்தேகம் கொள்ளவேண்டும். இடத்தை அறிவதற்கு நீண்ட திருப்புளி ஒன்று போதும். அதன் முனையை எஞ்சினின் பல பாகங்களில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் வைத்துக் கேட்டால் ஓசை எங்கே தெளிவாகிறது என்பது தெரியும். அவ்வாறு செய்யும்போது தோளில் துண்டு வேண்டாம். சூடான குழாயினின்று கையையும் விலக்கி வைத்துக்கொள்ளவும்.

எஞ்சினுக்கு வெளியேயுள்ளவற்றை முதலில் பார்ப்பதே முறை. புகைக்குழாய் சிலிண்டர் தலையில் செருகப்பட்டுள்ள இடம் தளர்ந்தால், அங்கே கசியும் வாயு "டிக் டிக்" என்று டாப்பெட்டைப் போலவே ஒலிக்கும். வெற்றிலை பயிரிடும் அங்கத்தினர் ஒருவருடைய வண்டியில் இருமுறை டாப்பெட்டைச் சரிசெய்தும் ஓசை நிற்கவில்லை. மூன்றாம் முறையாக எஞ்சினையே இறக்கிவிடுவது என்று தீர்மானமாயிற்று. குழாயின் கழுத்தில் கருமை படிந்திருந்ததைப் பார்த்து, நனைத்த சாக்குத் துணியைக் கம்பில் சுற்றி அங்கே அழுத்திப் பிடித்தவுடன் ஓசை அடங்கிவிட்டது. இதுபோன்றே சைலென்சரின் உட்தகடு கழன்றாலும், சிலிண்டர் தலையைச் சட்டத்தோடு பிணைக்கும் பட்டை தளர்ந்தாலும், எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள் இளகினாலும் எஞ்சினுக்குள் ஏதோ உடைந்ததுபோன்ற ஓசை எழும். டிகம்ப்ரஷன் வால்வு சரியாக மூடாவிடில் சீறும். அதன்மேல் சோப்பு நுரையைத் தடவினால் குமிழிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

டாப்பெட்டைப் பற்றி விரிவாகக் கூறவேண்டியிருக்கிறது. ஏனெனில் அதிகமாகக் கை வைக்கப்படுவதும், அதிகமாகக் கெடுக்கப்படுவதும் இதுவே. சிலிண்டரின் வலப்புறம் உள்ள சிறிய மூடியைத் திறந்தால் புஷ்ராடுகளின் அடிப்பாகம் தெரியும். எஞ்சின் முற்றும் குளிர்ந்திருக்கவேண்டும். காலையில் வண்டியை எடுக்குமுன் செய்வது உத்தமம். பிளக்கைக் கழற்றிவிட்டு, இரு வால்வுகளும் மூடியிருக்கும் அழுத்த ஸ்ட்ரோக்கின் உச்சிக்குப் பிஸ்டனைக் கொண்டுவரவேண்டும். அந்நிலையில் புஷ்ராடு விரலால் உருட்டத் தாராளமாகச் சுழலவேண்டும். ஆயினும் மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரியலாகாது. இதற்கு அளவுத்தகடு வேண்டுவதில்லை. விரலே அளவு.

ஓசையே வரக்கூடாது என்று எண்ணி இதை இறுக்கி வைப்பவர்கள் உண்டு. அவ்வாறு இறுக்கினால் எஞ்சின் சில நாள் அமைதியாக ஓடும். ஆனால் வால்வு தன் இருக்கையில் முழுதும் அமராது. எரியும் வாயு அந்த இடுக்கின் வழியே பாய்ந்து, முக்கியமாகப் புகை வால்வின் விளிம்பைக் கருக்கிவிடும். பிறகு உதைத்தாலும் அழுத்தம் இராது, மேடு ஏறாது. சற்றுப் பேசும் டாப்பெட்டினால் பெரிய நஷ்டம் இல்லை. வாய் கட்டப்பட்ட டாப்பெட்டினால் சிலிண்டர் தலையைக் கழற்றவேண்டி வரும். சரியாக வைத்தும் சில நூறு கிலோமீட்டருக்குள் இடைவெளி மீண்டும் மீண்டும் பெருகுமானால், பூட்டு நட்டு பிடிக்கவில்லையா, அல்லது கேமும் டாப்பெட்டின் அடியும் தேய்கின்றனவா என்று ஆராயவேண்டும்.

இடப்புறத்துக் கோளாறுகளைக் கண்டறிவது எளிது. நின்ற இடத்தில் ஓடும்போது கடகடவென்று அடித்து, கிளட்சைப் பிடித்தவுடன் ஓசை மாறினால் கிளட்சையும் பிரைமரி செயினையும் பார்க்கவேண்டும். செயினின் தொய்வு சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், அதன் கீழுள்ள தாங்கியைக் கொண்டு சரிப்படுத்தலாம். செயினைச் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பல இடங்களில் அளக்கவேண்டும். மிக இறுக்கமான இடத்திற்கே தொய்வு வைக்கவேண்டும். அப்பெட்டிக்குள்ளேயே உள்ள ஆல்டர்னேட்டரின் நட்டு தளர்ந்தால், தகரத்தைச் சுரண்டுவதுபோல ஒலிக்கும்.

இனி, சிலிண்டருக்குள் பிறக்கும் இரண்டு ஓசைகளைப் பிரித்தறியவேண்டும். காலையில் எடுத்தவுடன் வெற்றுப்பெட்டியைத் தட்டுவதுபோல ஒலித்து, இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் தேய்ந்து மறைவது, பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரில் மோதுவது. குளிர்ந்திருக்கும்போது இடைவெளி அதிகம். பிஸ்டன் சூடேறி விரிந்ததும் அது குறைகிறது. இவ்வோசையுடன் ஆண்டுக்கணக்காக ஓடும் வண்டிகள் உண்டு. சூடேறிய பின்னும் நீங்காமல், எண்ணெயும் குறைந்து, நீலப் புகையும் வந்தால்தான் சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவதைப்பற்றி யோசிக்கவேண்டும்.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. குளிர்ந்திருக்கும்போது இராது, சூடேறி, மூட்டையும் ஆளும் ஏறி, நான்காவது கியரிலேயே மேட்டில் ஏறமுயலும்போது வரும். தகர டப்பாவில் சோழிகளைக் குலுக்குவது போன்ற ஓசை. வெடிப்பு உரிய காலத்துக்கு முன்போ, ஒழுங்கின்றியோ நிகழ்கிறது என்பது இதன் பொருள். இதை அலட்சியம் செய்தால் பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழுவதும் உண்டு. உடனே ஒரு கியர் குறைத்துத் திராட்டிலைத் தளர்த்துவது ஓட்டுபவர் செய்யக்கூடியது. பிறகு காரணத்தைத் தேடவேண்டும். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்கவேண்டும். அது அகன்றால் பாயின்ட் முன்கூட்டியே திறந்து நெருப்பும் முந்திவிடும். வேகத்துக்கேற்ப நெருப்பை முன்னும் பின்னும் நகர்த்தும் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்தாலும் இதே விளைவுதான். சிலிண்டர் தலையில் கரி படிந்திருத்தல், கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்துக் குறைதல் ஆகியவற்றையும் பார்க்கவேண்டும். இவற்றில் எதற்கும் எஞ்சினை இறக்கவேண்டுவதில்லை.

எஞ்சினை உடனே நிறுத்தவேண்டிய ஓசை கனெக்டிங் ராடின் பெரிய முனையிலிருந்து வருவது. கனத்த, மந்தமான தட்டு அது. எஞ்சினின் அடியிலிருந்து, மரச்சுத்தியலால் தரையில் அடிப்பதுபோல வரும். சமதரையில் மணிக்கு 50 கிலோமீட்டர் அளவில் செல்லும்போது திராட்டிலை மூடித் திறந்தால், அந்த மாறும் கணத்தில் தெளிவாகக் கேட்கும். சிறிய முனையின் புஷ் தேய்ந்தால் ஓசை இதைவிட மெல்லியதாக, உலோகத் தன்மையுடன், மேலிருந்து வரும். அதற்குச் சில வாரம் அவகாசம் கொடுக்கலாம். முக்கிய பேரிங்குகள் தேய்ந்தால் தட்டுவதைவிட உறுமுவதே அதிகம். அதைக் காதைவிடப் பாதம் முன்னதாக உணரும். பெரிய முனை தட்டுகிறது என்று ஐயம் ஏற்பட்டால் "ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று ஓட்டுவது கூடாது. ராடு உடைந்தால் எஞ்சின் பெட்டியையே துளைத்துக்கொண்டு வெளிவரக்கூடும். பின்னர்ச் செப்பனிட எதுவும் மிஞ்சாது. வண்டியை மாட்டுவண்டியிலோ வேனிலோ ஏற்றிக் கொண்டுவருவதற்கு ஆகும் கூலி எவ்வளவாயினும் அது மலிவே. எண்ணெயை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்க்கவும். மினுமினுக்கும் உலோகப் பொடி தங்கியிருந்தால் ஐயம் உறுதிப்படும்.

பழைய வண்டிகளில் இந்தப் பெரிய முனை மிதக்கும் புஷ் வகையைச் சேர்ந்தது. அது இடைவிடாத எண்ணெயை நம்பி வாழ்கிறது. அவ்வெண்ணெய் வலப்புறத்து டைமிங் மூடியின் வழியாக வந்து, கிராங்கின் முனையில் உள்ள சிறிய கார்க் வளையத்தைக் கடந்துதான் உள்ளே செல்லவேண்டும். அவ்வளையம் நசுங்கியோ கிழிந்தோ இருந்தால் எண்ணெய் வழியிலேயே ஒழுகிவிடும். பற்சக்கரத்தின் சாதாரண முணுமுணுப்பைக் கேட்டு டைமிங் மூடியைக் கழற்றி, பழைய கார்க்கையே வைத்து மூடிவிட்டு, ஒரு மாதத்தில் பெரிய முனை போயிற்று என்று வருந்துவோரை நாம் கண்டிருக்கிறோம். முதலில் இருந்தது பழுதே அன்று. திறந்ததனால் வந்த பழுது அது.

ஆகவே அம்மூடியைத் திறக்க நேர்ந்தால், புதிய கார்க் வளையத்தை முன்கூட்டியே வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, மெக்கானிக்கின் பக்கத்திலேயே நின்று அது மாட்டப்படுவதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளவும். பில்ட்டர் அறையில் புதிய எண்ணெயை ஊற்றி மூடி, பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைப் பலமுறை மிதித்து எண்ணெயை உள்ளே ஏற்றிய பிறகே எஞ்சினைக் கிளப்பவேண்டும். ராக்கருக்குச் செல்லும் எண்ணெய்க் குழாயின் இணைப்பைச் சிறிது தளர்த்தினால், ஓடும் எஞ்சினில் எண்ணெய் கசியும். எண்ணெயைத் திருப்பியனுப்பும் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். கசியவில்லையாயின் அக்கணமே எஞ்சினை நிறுத்திவிடவும்.