விளையாட்டுக் கணினிக்கு ஏற்ற மூளை எது?



நாம் வாழும் இதே மும்பையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் 1960இல் ஒரு கணினியைத் தாமே உருவாக்கி இயக்கினர். 1962இல் நேரு அதற்கு 'டிஃப்ராக்' எனப் பெயர் சூட்டினார். ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்களைக் கொண்டது அது. அதனினும் பன்மடங்கு ஆற்றல் இன்று உள்ளங்கையில் அடங்கும் செயலியில் இருக்கிறது. ஆற்றல் பெருகியது, அதைத் தேர்ந்தெடுக்கும் அறிவு பெருகிற்றா? எனக்குப் பெருகவில்லை. அதனால் பணத்தை இழந்தேன். நீங்களும் இழக்கவேண்டாம் என்பதற்கே இக்கட்டுரை.

மாட்டுங்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டாண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் அது. தாதரில் வண்டி மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் சாலைக்குச் சென்றேன். "எத்தனை கோர் வேண்டும்?" என்று இந்தியில் கேட்டார் கடைக்காரர். "இருப்பதிலேயே அதிகம் எது?" என்றேன் நான். பணத்தில் பாதி செயலிக்கே போயிற்று. எஞ்சியதில் சிறியதொரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் கணினியை இயக்கியபோது விளையாட்டு நொண்டியது. "இதுக்கா அண்ணே ரெண்டு வருசம் ட்யூசன் எடுத்த?" என்றான் தம்பி. என்னிடம் விடை இல்லை.

பிழை எங்கே? செயலியின் பணி யாது என்று நான் கேட்கவே இல்லை. எதிரி எங்கே நிற்கிறான், எறிந்த பந்து எங்கே விழும் என்று கணக்கிடுவது செயலி. அக்கணக்கைக் கொண்டு படம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. நொடிக்கு 60 படம் வேண்டுமெனில், ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் 16.7 மில்லிநொடி, 144 படம் வேண்டுமெனில் 6.9 மில்லிநொடியே. இவ்விருவரில் எவர் மெதுவானவரோ, அவர் வேகமே கணினியின் வேகம்.

1080பி திரையில் உள்ள புள்ளிகள் ஏறத்தாழ 20.7 இலட்சம், 4கே திரையில் 82.9 இலட்சம். புள்ளிகள் நான்கு மடங்கானால் சுமை ஏறுவது கார்டின் தலையில். செயலியின் கணக்கு பெரிதும் மாறுவதில்லை. ஆகவே 4கே திரையை விரும்புவோர் முதலில் நல்ல கார்டு வாங்குக. 1080பி திரையில் நொடிக்கு 240 படம் வேண்டுவோரே செயலிக்கு அள்ளிக் கொடுக்கலாம். இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. விளையாட்டில் திரையின் புள்ளி அளவைக் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் குறை கார்டில்; கூடாவிட்டால் குறை பெரும்பாலும் செயலியில். நான் குறைத்தேன், வேகம் கூடிற்று!

அப்படியாயின் கோர்கள் மிகுந்தால் நன்மை இல்லையா? கல்யாணப் பந்திக்குக் காய் நறுக்கப் பதினாறு பேர் உதவுவர். ஒரு சட்டி ரசத்தைக் கொதிக்கவைக்கப் பதினாறு பேர் எதற்கு? விளையாட்டின் கணக்குகளில் பல, ஒன்று முடிந்த பின்பே மற்றொன்று தொடங்கும் இயல்பின. பெரும்பாலான விளையாட்டுகளுக்கு விரைவான 8 கோர் போதும். படத்தொகுப்பு முதலிய பணிகளையும் செய்வோருக்கே 16 கோர் பயன்படும்.

கோர்களின் எண்ணிக்கையினும் இங்கே சிறப்புடையது கேச் எனும் அருகு நினைவகம். சமைக்கும் அம்மாவின் கையருகே அஞ்சறைப்பெட்டி இருக்கிறது. அதில் கடுகு இல்லையென்றால் கடைக்கு ஓடவேண்டும். செயலிக்கு அஞ்சறைப்பெட்டி கேச். தெருக்கோடிக் கடை ரேம். பெட்டி பெரிதானால் ஓட்டம் குறையும். ஏஎம்டி நிறுவனம் 2022இல் ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியில் கோர்கள் உள்ள சில்லின் மேல் கூடுதல் கேச்சை அடுக்கியது. வெப்பம் வெளியேறத் தடை நேர்ந்ததால் வேகத்தைச் சற்றே குறைக்கவேண்டியதாயிற்று. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் அந்த அடுக்கு கோர்களின் அடியில் வைக்கப்பட்டது. வெப்பத்துக்கு வழி பிறந்தது. அதில் 8 கோரும் 96 மெகாபைட் எல்3 கேச்சும் உள்ளன. அதே வரிசையில் 8 கோர் கொண்ட 9700எக்ஸில் கேச் 32 மெகாபைட்டே.

வெப்பத்தை மும்பைவாசிகள் மறக்கலாகாது. 2023இல் வந்த இன்டெல் கோர் ஐ9 14900கே செயலிக்கு 24 கோர். முழு வேகத்தில் 253 வாட் வரை உண்ணும். அது மூன்று கூரை விசிறிகளின் மின்சாரத்துக்கும் மேல்! அத்தனையும் வெப்பமாகி அறைக்குள்ளேயே நிற்கும். தகரக் கூரையின்கீழ் மே மாதத்தைக் கழித்தவர்க்கு இதை விளக்க வேண்டுமா? 9800எக்ஸ்3டிக்குக் குறித்த அளவு 120 வாட்.

இன்னொன்று சாக்கெட். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022இல் வந்தது. 7000, 9000 வரிசைகள் இரண்டும் அதில் பொருந்தும். இன்டெல் 2024 அக்டோபரில் வெளியிட்ட கோர் அல்ட்ரா 200 வரிசைக்கோ புதிய சாக்கெட். பழைய மதர்போர்டு அதற்கு உதவாது. இன்றைய விலையோடு நாளைய மாற்றத்தையும் எண்ணுக.

ஆக, முதலில் திரை, அடுத்துக் கார்டு, அதற்கு ஈடான செயலி என்பதே முறை. நான் இம்முறையைத் தலைகீழாக்கினேன். இப்போது மீண்டும் மாட்டுங்காவில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், நல்ல கார்டு ஒன்றுக்காக! செம்பூரிலோ தாராவியிலோ இருந்து நம் தோழர் எவரேனும் லாமிங்டன் சாலைக்குப் புறப்பட்டால் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள். உடன் வருகிறேன். "எத்தனை கோர்?" என்று கடைக்காரர் கேட்கும்போது, "எங்கள் திரை இது, எங்கள் பணம் இவ்வளவு" என்று நாமிருவரும் சேர்ந்தே சொல்வோம்.