கொட்டியாரத்துக் கோழிகளும் பின்னேரத் தொலைக்காட்சியும்

1660ஆம் ஆண்டு, புயலில் பாய்மரம் முறிந்த ஓர் ஆங்கிலக் கப்பல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் வந்து நங்கூரமிட்டது. மரம் வெட்டிப் பழுதுபார்த்துக்கொண்டு போய்விடலாம் என்று கரையிறங்கிய கப்பல் தலைவரையும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸையும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மகனுக்கு அப்போது 19 வயது. தந்தை கண்டி இராச்சியத்திலேயே காய்ச்சலில் இறந்தார். மகன் 1679இல் தப்பி ஓடி, 1681இல் இலண்டனில் இலங்கையைப் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். இடைப்பட்ட காலத்தில் அவர் எப்படிப் பிழைத்தார் என்பதற்கு அந்த நூலிலேயே விடை இருக்கிறது: தொப்பி பின்னி விற்றார், பன்றியும் கோழியும் வளர்த்தார். அவர் பிடிபட்ட இடம் என்று ஒரு மரத்தடியை மூதூரில் இன்றும் காட்டுகிறார்கள்.

கையில் காசில்லாத, நிலமில்லாத, நாளை எங்கே இருப்போம் என்று தெரியாத ஒருவர் கோழியை நம்பியதில் வியப்பில்லை. ஒரு பேடு வாங்கப் பெரிய முதல் வேண்டாம். அது தன் இரையைத் தானே கிண்டித் தின்னும். பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டதும் அடைக்கு நிற்கும். 21 நாள் அடைகிடந்தால் குஞ்சு. ஊர்க்கோழி வருடத்துக்கு மூன்று, நான்கு ஈடு முட்டை போட்டாலே பெரிது. பண்ணையில் வளரும் முட்டைக்கோழி அதே காலத்தில் முந்நூறு வரை போடும். ஆனால் பண்ணைக்கோழிக்குத் தீன் வாங்க வேண்டும், மின்குமிழ் போட வேண்டும், மருந்து வேண்டும். ஊர்க்கோழிக்கு வேண்டியதெல்லாம் ஒரு வளவு. உண்மையில் ஒரு வளவும் போதாது. அக்கம்பக்கத்து வளவுகளும் வேண்டும். கொட்டியாரக் கரையின் இன்றைய ஊர்களின் கதை அங்கேதான் சுவையாகிறது.

மூதூர், தோப்பூர், கிளிவெட்டி, கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர் என்று குடாவின் தென்கரையில் பரந்து கிடக்கும் இந்தப் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறார்கள். சிங்களக் குடியிருப்புகளும் தொலைவில் இல்லை. கிடுகு வேலியோ, கம்பி வேலியோ, பூவரசங் கதியாலோ, எதுவாக இருந்தாலும் கோழிக்கு அது பொருட்டில்லை. காலையில் கூடு திறந்ததும் குறுநெல்லை இரண்டு கொத்துக் கொத்திவிட்டு அடுத்த வீட்டுக் குப்பைக்குப் போய்விடும். பத்து மணியளவில் வேலிக்கு மேலால் ஒரு குரல் வரும்: "மச்சாள், உங்கட செம்பேடு எங்கட மாட்டுக் கொட்டிலுக்க முட்டை போட்டிருக்கு, வந்து எடுங்கோ." மச்சாள் போவார். முட்டையை எடுத்த கையோடு திரும்பிவிட முடியாது. மகளின் சோதனை முடிவு, நெல் விலை, கடலுக்குப் போன படகு என்று அரை மணி நேரம் கழியும். பிறகு வெறும் தேத்தண்ணி.

சண்டையும் இதே கோழியால்தான் வருகிறது. காயப்போட்ட நெல்லைக் கிளறியது, கீரைப் பாத்தியைப் பறித்தது, பக்கத்து வீட்டுச் சேவல் வந்து தன் சேவலின் கொண்டையைக் கொத்தியது என்று வழக்குகள் நிறைய. ஆனாலும் அந்தக் கோபத்தை நீண்ட நாள் வைத்திருக்க முடியாது. பருந்து வட்டமிடுவதை முதலில் கண்டவர் யாரோ, அவர்தான் எல்லா வீட்டுக் குஞ்சுகளுக்குமாகக் கத்த வேண்டும். கீரியும் மரநாயும் உடும்பும் எந்த வீட்டுக் கூடு என்று பார்ப்பதில்லை. தன் பேடு அடைக்கு நிற்காத காலத்தில் முட்டையைப் பக்கத்து வீட்டு அடைக்கோழிக்குக் கீழே வைத்துப் பொரிக்க விடுவதும், குஞ்சைப் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. எந்த முட்டை கூமுட்டை என்று விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லும் மூத்த பெண்ணொருத்தி அநேகமாக எல்லா ஒழுங்கையிலும் இருப்பார்.

ஊர்க்கோழி முட்டை விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் காசு. நெல் விற்ற பணம், மீன் விற்ற பணம் எல்லாம் கடனுக்கும் உரத்துக்கும் வலைக்கும் போகும். முட்டைக் காசு கொப்பிக்கும் பென்சிலுக்கும் பஸ்ஸுக்கும் போகும். விற்காத முட்டைக்கும் வேலை உண்டு. பெரியபிள்ளையான பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு கொடுப்பது ஊர்க்கோழி முட்டைதான். கடை முட்டையை அதற்கு யாரும் மனமொப்பிக் கொடுப்பதில்லை. பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக் கறிக்கும் ஊர்க்கோழிதான் தேடப்படும்.

காகம் கரைந்தால் ஆக்கள் வருவார்கள் என்பார்கள். ஆக்கள் வந்தால் கோழிக்குத்தான் ஆபத்து. இரவில் கூட்டில் அடைந்திருக்கும் கோழியைக் கையை நீட்டி எடுத்துவிடலாம். பட்டப்பகலில் திடீரென்று வந்து இறங்கிய விருந்தாளிக்காக ஒரு சேவலைப் பிடிப்பது வேறு வேலை. பிள்ளைகள் வேலிக்கு வேலி துரத்துவார்கள். அந்தத் துரத்தலிலேயே எந்த வீட்டுக்கு ஆக்கள் வந்திருக்கிறார்கள் என்பது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை வருகிற விருந்தாளிக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. சைவ வீட்டில் அன்று மரக்கறிதான். வருகிறவர் முஸ்லிம் நண்பர் என்றால் தமிழ் வீட்டுக்காரர் கோழியைத் தூக்கிக்கொண்டு தெரிந்த முஸ்லிம் வீட்டுக்குப் போய், "நானா, இதை ஒருக்கா அறுத்துத் தாங்கோ" என்று கேட்டு வாங்கி வந்து சமைப்பதும் இந்தப் பக்கத்தில் நடக்கிற காரியம். போர்க்கால வடுக்கள் இன்னும் ஆறாத ஒரு மாவட்டத்தில் இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

ஊர்க்கோழி எளிதில் வேகாது. அது வேகும் வரைக்கும் விருந்தாளியை உட்கார வைக்க ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. இப்போது தொலைக்காட்சி இருக்கிறது.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் ஐ.ரி.என். மூலம் கொழும்பு வட்டாரத்தில் தொடங்கியது. ஜப்பானிய உதவியோடு 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கிய பிறகே அது நாடு முழுவதுக்குமான பொருளாயிற்று. மின்சாரம் எட்டாத கிராமங்களில் கார் பற்றரியில் ஓட்டினார்கள். கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் வைத்து விடிய விடியப் படம் போட்டார்கள். ஊருக்கு ஒன்றிரண்டு வீட்டில் மட்டும் பெட்டி இருந்த நாளில், பின்னேரம் அந்த வீட்டு விறாந்தை நிரம்பி முற்றத்திலும் பாய் விரிந்திருக்கும். 1998இல் சக்தி, 2009இல் வசந்தம் என்று தமிழ் அலைவரிசைகள் வந்தன. பின்னர் டிஷ் அன்டெனா கூரைக்குக் கூரை ஏறியது. சென்னைத் தொடர்களின் மாமியாரும் மருமகளும் சம்பூர் வரை வந்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு பெட்டி ஆனதும் பின்னேரத்தில் பக்கத்து வீட்டுக்குப் போகும் பழக்கம் மெல்லக் குறைந்தது. வேலிக்கு மேலால் போகும் பேச்சு இன்னும் அறுந்துபோகவில்லை என்றால், அதற்குக் காரணங்களில் ஒன்று எந்தப் பெட்டிக்கும் கட்டுப்படாத இந்தக் கோழிகள்தான்.

பெட்டிக்கும் கோழிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை 2022இன் பொருளாதார நெருக்கடி நேராகக் காட்டியது. முந்தைய ஆண்டு இரசாயன உரத்துக்கு விதித்த தடையால் தீனுக்கான சோளம் போதிய அளவு விளையவில்லை. டொலர் இல்லாததால் இறக்குமதியும் தடைப்பட்டது. தீன் விலை ஏறப் பல பண்ணைகள் மூடின. ஓகஸ்டில் அரசு வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று கட்டுப்பாட்டு விலை அறிவித்தது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. அந்த முடை நாட்களிலும் கறையான் புற்றையும் சோற்றுப் பருக்கையையும் கிண்டி வளர்ந்த ஊர்க்கோழி தன்பாட்டுக்கு முட்டை போட்டது. அதே 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியது. தொலைக்காட்சிகள் கறுத்துப்போக, வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் சனம் முற்றத்துக்கு வந்து பழையபடி கூடிப் பேசியது. அந்தத் துன்பத்தை யாரும் திரும்ப விரும்பமாட்டார்கள். ஆனாலும் அப்போது கூடியிருந்த பின்னேரங்களைச் சிலர் இன்னும் நினைத்துப் பேசுகிறார்கள்.

கோழியில்லாத ஊர் எப்படியிருக்கும் என்பதைச் சம்பூர் மக்கள் அறிவார்கள். போர்க்காலத்தில், 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்குத் தப்பி ஓடியவர்களில் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணல்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். அவர்களுடைய காணி அதியுயர் பாதுகாப்பு வலயமானது. அங்கே நிலக்கரி அனல் மின்நிலையம் கட்டவும் திட்டமிடப்பட்டது. 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் 2016 மார்ச்சில் திரும்பக் கிடைத்தது. மின்நிலையத் திட்டமும் கைவிடப்பட்டது. வந்து பார்த்தால் வீடில்லை, வேலியில்லை, எல்லையில்லை. ஏறக்குறைய பத்து வருடப் பற்றை. துப்பரவாக்கிய காணியில் தகரக் கொட்டில் போட்டவர்கள் கைக்கெட்டிய முதல் வருமானமாகக் கோழியை நாடியது இயல்பு. போருக்குப் பின் மீள்குடியேறியவர்களுக்கு வாழ்வாதார உதவி என்று குஞ்சுகள் கொடுக்கும் வழக்கம் வடக்கு கிழக்கு முழுவதும் இருந்தது. கொடுத்ததெல்லாம் தங்கியது என்று சொல்ல முடியாது. பண்ணை இனக் குஞ்சுக்குப் பருந்தின் நிழலைக் கண்டு பதுங்கத் தெரியாது. தாய்ப்பேட்டின் செட்டைக்குள் வளர்ந்த குஞ்சுக்குத் தெரியும்.

பருந்தைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. இந்தியாவில் ராணிக்கெட் என்றும் உலகில் நியூகாசில் என்றும் பெயர் பெற்ற நச்சுயிரி நோய். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்திலும் முதலில் அடையாளம் காணப்பட்டது. பச்சையாகக் கழியும், மூச்சு இழுக்கும், கழுத்து முறுகும். சில நாட்களில் கூடு வெறுமையாகிவிடும். வந்தபின் மருந்தில்லை, வருமுன் தடுப்பூசி உண்டு. கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நூறு கோழிக்கோ அதற்கு மேலோ போதுமான அளவில்தான் குப்பி வருகிறது. குளிரில் கொண்டுவர வேண்டும், கரைத்தால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் கோழி வைத்திருக்கும் ஒரு வீடு தனியாக இதைச் செய்ய முடியாது. ஒரு வீடு போட்டு அடுத்த வீடு விட்டாலும் பயனில்லை, இரண்டு வீட்டுக் கோழியும் கிண்டுவது ஒரே குப்பையை.

ஆகவே ஒழுங்கையில் உள்ள பத்துப் பதினைந்து வீடும் சேர்ந்து ஒரு நாளைக் குறிக்க வேண்டும். கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்து, ஐஸ் போட்ட சுடுதண்ணிப் போத்தலில் குப்பியை எடுத்துவர ஒருவர் வேண்டும். கோழி அடைந்த பிறகுதான் பிடிக்கலாம் என்பதால் வேலை இருட்டியபின் தொடங்கும். சரியாக நாடகம் ஓடுகிற நேரம் அது. டோர்ச் பிடிக்க ஒரு பிள்ளை, கோழியைப் பிடிக்க ஒருவர், சொட்டு விட ஒருவர் என்று வீடு வீடாகப் போய் முடிக்கும்வரை அன்றைய தொடரை அந்த ஒழுங்கை முழுவதுமே தவறவிட வேண்டியதுதான்.