இயந்திரமும் சட்டத்தின் முன் ஓர் ஆளா?

வினவினால் விடை கூறவும், கட்டுரை வரையவும் வல்ல செயற்கை நுண்ணறிவு இன்று நம் இல்லங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. அதனோடு ஒரு வினாவும் எழுந்துள்ளது. சட்டத்தின் முன் அதனையும் ஓர் 'ஆள்' என ஏற்கலாமா?

உயிரற்ற பொருளுக்கு ஆள் என்னும் தகுதியா என நகைப்போர் உளர். நகைத்தற்கு இடமில்லை. சட்டம் கூறும் ஆள் வேறு; மனிதன் வேறு. சொத்து வைத்திருக்கவும், ஒப்பந்தம் செய்யவும், வழக்காடவும் தகுதியுடையது எதுவோ அதுவே சட்டத்தின்கண் ஆள் எனப்படும். கம்பனி என்பது அதன் பங்காளரினின்றும் வேறான ஓர் ஆள் என 1896ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பிரபுக்கள் சபை சலமன் வழக்கில் தீர்த்தது. நியூசிலாந்தின் வாங்கனுயி ஆறு 2017இல் சட்டப்படி ஆளாயிற்று.

நமக்கு இன்னும் அணுக்கமான சான்றும் உண்டு. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணினின்றும் கிடைத்த நடராசர் திருவுருவம் களவாக இலண்டன் சென்றது. அதனை மீட்க நடந்த வழக்கிலே, பாழடைந்து கிடந்த கோவிலே தன் பிரதிநிதி வாயிலாக வழக்காடலாம் என ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்று 1991இல் ஏற்றது. நடராசரும் தாயகம் மீண்டார்.

அங்ஙனமாயின் இயந்திரத்துக்கு மட்டும் மறுப்பானேன்? அத்தகுதி யாருக்குப் பயன்படும் என்பதே ஈண்டு நோக்கற்பாலது. கோவிலின் பெயரால் வழக்காடுவோர் கோவிலின் நலம் நாடுவர். ஆற்றின் பெயரால் பேசுவோர் ஆற்றைக் காப்பர். கம்பனிக்கு முதல் உண்டு. கடன் கொடுத்தோர் அதனைப் பற்றலாம். இயந்திரத்துக்கோ கைப்பொருளும் இல்லை, மானமும் இல்லை. தண்டம் விதித்தால் எதைக்கொண்டு இறுக்கும்? ஆகவே குற்றம் இயந்திரத்துக்கு, இலாபம் உடையவனுக்கு என்ற நிலையே நேரும்.

இது வீண் அச்சமன்று. 2022இல் பாட்டியாரை இழந்த ஒருவருக்கு, எயர் கனடா விமானக் கம்பனியின் இணையத்தள உரையாடற் கருவி, துக்கப் பயணச் சலுகையைச் சீட்டு வாங்கிய பின்னரும் கோரலாம் எனத் தவறாகக் கூறியது. சலுகை மறுக்கப்படவே, அவர் பிரித்தானிய கொலம்பியாவின் தீர்ப்பாயத்தை நாடினார். அக்கருவி தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி ஆள் என்னும் பொருள்படக் கம்பனி வாதித்தது. 2024இல் தீர்ப்பாயம் அவ்வாதத்தைத் தள்ளி, ஏறத்தாழ 812 கனடிய டொலர் செலுத்துமாறு பணித்தது.

ஐரோப்பியப் பாராளுமன்றமும் இவ்வழியே வந்தது. மிக வளர்ச்சியுற்ற இயந்திரங்களுக்கு 'மின்னணு ஆள்' என்னும் தகுதியைப் பிற்காலத்தில் வழங்குவது பற்றி ஆராயலாம் என 2017இல் தீர்மானித்தது. நிபுணர் பலர் 2018இல் எதிர்த்து மடல் வரைந்தனர். 2020இல் அதே மன்றம் அத்தகுதி வேண்டுவதில்லை எனக் கூறிற்று.

இயந்திரமும் துன்பத்தை உணரும் என ஒருநாள் ஐயமற நிறுவப்படுமாயின், அதனைக் காக்கும் விதிகளை அன்று வகுக்கலாம். அது வேறு வினா. இன்று காக்கப்படவேண்டியவர் இயந்திரத்தின் பிழையால் இழப்புற்ற எளிய மனிதரே. இப்பொருள்பற்றி வாதமேடையில் பேசும் மாணவர், இயந்திரத்துக்கு அறிவு உண்டா என்பதோடு நில்லாது, இழந்தவனுக்கு நட்டஈடு தருபவர் யார் என்பதையும் கேட்பாராக.