ரோமுக்கு 'வைடு ஆங்கிள்' வெச்ச ஓவியர்!

புது அப்பார்ட்மென்ட் விளம்பரங்களைப் பார்த்திருப்பீங்க. பத்துக்குப் பத்து ரூம், போட்டோவுல கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். நீச்சல் குளம், பூங்கா எல்லாம் வரைஞ்சிருப்பாங்க. நேர்ல போனா செங்கல்லும் மணலும்தான் கிடக்கும்.

இந்த வித்தையை 17-ம் நூற்றாண்டிலேயே ரோம் நகரத்துக்குச் செய்தவர், ஜோவான்னி பத்திஸ்தா ஃபால்டா.

அப்போது ரோமை ஆண்டவர் போப் ஏழாம் அலெக்சாண்டர். ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை முடித்துவைத்த 1648-ம் ஆண்டு வெஸ்ட்ஃபாலியா ஒப்பந்தத்தில், போப்பின் எதிர்ப்பை யாருமே கண்டுகொள்ளவில்லை. அந்தப் பேச்சுவார்த்தைக்கு போப்பின் தூதராகப் போய், அதை நேரில் பார்த்தவரே இந்த அலெக்சாண்டர்தான். 1655-ல் பதவிக்கு வந்ததும் தெருக்களை நேராக்கினார், சதுக்கங்களை விரிவாக்கினார். புனித பீட்டர் பேராலயத்தின் முன்னால் பெர்னினி வடிவமைத்த பிரமாண்ட தூண் வரிசைகள் எழுந்தன. அரசியல்ல போன கெத்தை, ஊரைக் காட்டி மீட்கலாமே!

சரி, ரோமுக்கே வராதவங்களுக்கு அது எப்படித் தெரியும்? அச்சுப்படம் மூலமாகத்தான். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் படம் கீறி, அமிலத்தில் வைப்பார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் ரெடி. ஒரே தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான பிரதிகள் எடுக்கலாம். ரோமுக்கு வந்த பயணிகள் இவற்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

1665-ல் ஃபால்டாவின் 'நவீன ரோம்' படத்தொகுப்பு வெளியானது. அதில் அவர் செய்த ட்ரிக் ரொம்ப சிம்பிள். மனிதர்களையும் குதிரை வண்டிகளையும் எறும்பு சைஸில் வரைந்தார். உடனே சதுக்கம் மைதானமாகிவிட்டது!

இன்னொன்றும் செய்தார். பெர்னினி திட்டமிட்டிருந்த மூன்றாவது தூண் வரிசையையும், கட்டி முடித்த மாதிரியே ஒரு படத்தில் வரைந்தார். 1667-ல் அலெக்சாண்டர் இறந்தார். அந்த வரிசை கடைசிவரை கட்டப்படவே இல்லை.

இத்தனை கட்டடங்களும், ஏற்கெனவே கடனில் இருந்த போப்பின் கருவூலத்துக்கு மேலும் சுமையாயின. படத்தில் தூண்கள் தெரிகின்றன, கடன் தெரியவில்லை.

இன்றும் அந்தக் கால ரோமைத் தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் ஃபால்டாவின் படங்களைத்தான் புரட்டுகிறார்கள். ஆனால், கூடவே கேள்வியும் கேட்கிறார்கள். அடுத்த முறை ஒரு நகரத்தோட சூப்பர் போட்டோ உங்க ஃபீட்ல வந்தா, நீங்களும் கேளுங்க... இதை யார், யாருக்காக எடுத்தாங்க? ஃப்ரேமுக்கு வெளியே என்ன இருக்கு?