கனடா நிரந்தர வதிவிடம்: புள்ளிகளை யாரும் விற்க முடியாது

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் எமது ஊர்களில் வெளிநாடு பற்றிய பேச்சு மாறிவிட்டது. முன்னர் கட்டார், சவூதி என்று பேசியவர்கள் இப்போது "கனடா பிஆர்" என்கிறார்கள். பட்டம் முடித்த பிள்ளைகள், ஐ.டி. துறையில் இருப்பவர்கள், கணக்காளர்கள், தாதியர்கள், ஆசிரியைகள் எனப் பலரும் குடும்பத்தோடு நிரந்தரமாகக் குடியேற வழி தேடுகின்றனர். அதில் தவறில்லை. ஆனால் நகையை அடகு வைத்து, காணியை விற்று முகவர் ஒருவரிடம் இலட்சக்கணக்கில் பணம் கட்டும் முன்னர் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைப் பலர் கேட்பதில்லை. "எனக்கு எத்தனை புள்ளிகள் வரும்?" என்பதே அந்தக் கேள்வி.

தொழில் திறமையுள்ளவர்களைக் கனடா "எக்ஸ்பிரஸ் என்ட்ரி" என்ற முறையின் ஊடாகத் தெரிவு செய்கிறது. இது 2015 ஜனவரியில் ஆரம்பமானது. இலங்கையிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலானோர் இதிலுள்ள சமஷ்டித் திறமையாளர் திட்டத்தின் கீழேயே வருவார்கள்.

முதலாவது கதவு: அடிப்படைத் தகுதி

கடந்த 10 வருடங்களுக்குள் குறைந்தது ஒரு வருடம் தொடர்ச்சியாக, திறமைசார் தொழிலொன்றில் சம்பளத்துடன் வேலை செய்திருக்க வேண்டும். கனடா தொழில்களை 0 முதல் 5 வரை தரப்படுத்தியுள்ளது. 0, 1, 2, 3 ஆகிய தரங்களே இத்திட்டத்திற்கு ஏற்கப்படும். தாதி, கணக்காளர், மின்னியலாளர் ஆகியோர் இதற்குள் வருவர். கடையில் சாதாரண விற்பனையாளராகவோ காசாளராகவோ இருந்தவர் எத்தனை வருடம் வேலை செய்திருந்தாலும் இத்திட்டத்தில் வர முடியாது.

ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதுபவர்கள் "ஜெனரல் ட்ரெய்னிங்" பிரிவில் எழுத வேண்டும், "அகடமிக்" ஏற்கப்படாது. நான்கு பகுதிகளிலும் குறைந்தது 6 எடுக்க வேண்டும். இலங்கைப் பட்டத்திற்குக் கனடா அங்கீகரித்த நிறுவனமொன்றின் கல்வி மதிப்பீட்டு அறிக்கையும் தேவை. இவற்றுடன் வயது, அனுபவம் போன்றவற்றையும் சேர்த்து 100க்கு 67 புள்ளிகள் பெற வேண்டும்.

முகவர்கள் பலர் இந்த 67ஐக் காட்டித்தான் "நீங்கள் தகுதி" என்று பணம் வாங்குகிறார்கள். ஆனால் 67 என்பது வரிசையில் நிற்பதற்கான அனுமதி மட்டுமே.

இரண்டாவது கதவு: உண்மையான போட்டி

வரிசையில் நிற்பவர்கள் சி.ஆர்.எஸ். என்ற, மொத்தம் 1,200 புள்ளிகள் கொண்ட மற்றொரு அளவுகோலினால் தரப்படுத்தப்படுகின்றனர். மேலிடத்தில் இருப்பவர்களுக்கே அழைப்பு வரும். அழைப்பு வந்தால் 60 நாட்களுக்குள் முழு விண்ணப்பத்தையும் சமர்ப்பிக்க வேண்டும். அழைப்பு வராவிட்டால் 12 மாதங்களில் அந்தப் பதிவு காலாவதியாகிவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 29 வயதுடைய, திருமணமாகாத ஒருவரிடம் ஒரு பட்டமும் இலங்கையில் மூன்று வருட அனுபவமும் இருக்கின்றன. ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையில் நான்கிலும் 6 எடுத்தால் அவருக்கு 336 புள்ளிகள். அதே நபர் செவிமடுத்தலில் 8உம் ஏனைய மூன்றிலும் 7உம் எடுத்தால் 429 புள்ளிகள். ஆங்கிலத்தினால் மட்டும் 93 புள்ளிகள் கூடுகின்றன. இதே பெறுபேறுகளுடன் அவருக்கு 35 வயதாகியிருந்தால் 429 என்பது 396 ஆகக் குறையும். 45 வயதில் வயதுக்கான புள்ளி பூச்சியம்.

அந்த 429உம் பல வேளைகளில் போதாது என்பதே கசப்பான உண்மை. 2024, 2025ஆம் ஆண்டுகளில் கனடாவில் ஏற்கனவே வேலை செய்தவர்களுக்கான சுற்றுகளில்கூட 500க்கு மேல் தேவைப்பட்டது. அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. மாகாணமொன்று உங்களைப் பரிந்துரைத்தால் 600 புள்ளிகள் கூடும். சுகாதாரம், கல்வி போன்ற துறைகளுக்கும் பிரெஞ்சு மொழி தெரிந்தவர்களுக்கும் தனிச் சுற்றுகள் நடந்துள்ளன. 2025 மார்ச்சில் பிரெஞ்சு மொழிச் சுற்றொன்றில் 379 புள்ளிகளுக்கே அழைப்பு கிடைத்தது. முகவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மொழி வகுப்பிற்குக் கொடுப்பது எவ்வளவு பயனுள்ளது என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம்.

இன்னொரு விடயம். எமது குடும்பங்களில் கணவரின் பெயரில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. அப்படி எந்த விதியும் இல்லை. மனைவி பட்டதாரி ஆசிரியையாகவோ தாதியாகவோ இருந்து, வயதும் குறைவு, ஆங்கிலமும் நன்று என்றால் அவரைப் பிரதான விண்ணப்பதாரராக்கிக் கணக்குப் பார்க்க வேண்டும்.

"வேலைக் கடிதம்" வியாபாரம்

கனேடிய நிறுவனமொன்றின் வேலைவாய்ப்புக் கடிதம் எடுத்துத் தருகிறோம், அதனால் புள்ளி கூடும் என்று இன்றும் சிலர் பணம் பறிக்கின்றனர். முன்னர் அத்தகைய கடிதத்திற்கு சி.ஆர்.எஸ். அளவுகோலில் 50 அல்லது 200 புள்ளிகள் இருந்தது உண்மை. கடிதங்கள் விற்கப்படுவதைத் தடுக்கும் நோக்கில் 2025 மார்ச் 25 முதல் கனடா அந்தப் புள்ளிகளை நீக்கிவிட்டது.

பணம் பெற்றுக்கொண்டு உங்கள் சார்பில் செயற்படக் கனேடிய வழக்கறிஞர்களுக்கும், அங்குள்ள குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் அனுமதி பெற்றோருக்கும், கியூபெக் நொத்தாரிசுகளுக்குமே சட்டத்தில் இடமுண்டு. அனுமதி பெற்ற ஆலோசகர்களின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் பகிரங்கமாக உள்ளது. எமது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேலைக்கு ஆள் அனுப்புவதற்கானது. அதைச் சுவரில் தொங்கவிட்டிருப்பதால் ஒருவர் கனேடியக் குடிவரவு ஆலோசகராகிவிட மாட்டார்.

சுயவிபரப் பதிவு இலவசம். அதை நீங்களே செய்யலாம். 2024 ஏப்ரல் இறுதியில் நிர்ணயிக்கப்பட்ட அரச கட்டணம் பிரதான விண்ணப்பதாரருக்கு 1,525 கனேடிய டொலர். அதையும் அழைப்பு வந்த பின்னரே செலுத்த வேண்டும்.

எம்மவர் தடுக்கி விழும் இடங்கள்

முதலாவது, பெயர். பிறப்புச் சான்றிதழில் "முஹம்மது", கடவுச்சீட்டில் "மொஹமட்", பட்டச் சான்றிதழில் வெறும் முதலெழுத்து என்று இருந்தால் விளக்கமும் சத்தியக் கடதாசியும் தேவைப்படலாம். இதை முன்கூட்டியே சரிசெய்யுங்கள்.

இரண்டாவது, திருமணப் பதிவு. பதியப்படாத நிக்காஹ்வும் எமது முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் செல்லுபடியாகும். ஆனால் கனேடிய அதிகாரி கேட்பது சான்றிதழை. பதிவைத் தள்ளிப்போட்டவர்கள் உடனே அதை முடித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வளைகுடா அனுபவம். அங்கு கிடைக்கும் சேவைச் சான்றிதழில் பெரும்பாலும் பதவியும் திகதியும் மட்டுமே இருக்கும். கனடா கடமைகள், வாராந்த வேலை நேரம், சம்பளம் ஆகியவற்றையும் கேட்கிறது. நாடு திரும்பும் முன்னர் அவ்வாறான கடிதமொன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். கடந்த 10 வருடங்களுக்குள் தொடர்ச்சியாக ஆறு மாதம் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் அறிக்கை தேவை என்பதால், அந்நாட்டு அடையாள அட்டையின் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள்.

நான்காவது, பணம். 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட அளவின்படி தனிநபர் ஒருவர் 15,263 கனேடிய டொலரும் நால்வர் கொண்ட குடும்பம் 28,362 டொலரும் கையிருப்பில் காட்ட வேண்டும். இது கடன் பணமாக இருக்கக் கூடாது. உறவினரிடம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பது விதிமீறலாகும்.

ஐந்தாவது, குடும்ப விபரம். உடன் வராத மனைவி, பிள்ளைகளையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும். மறைத்தால் பின்னர் அவர்களை அழைத்துக்கொள்ளும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

இவற்றில் எதிலாவது பொய் சொன்னால் ஐந்து வருடங்களுக்குக் கனடாவின் கதவு மூடப்படலாம். "முகவர்தான் நிரப்பினார், எனக்குத் தெரியாது" என்பது பொதுவாக ஏற்கப்படுவதில்லை. கையொப்பம் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது.

எனவே ஒழுங்கு இதுதான். முதலில் கனேடிய அரச இணையத்தளத்தில் உள்ள இலவசக் கணிப்பானில் உங்கள் புள்ளியைப் பாருங்கள். அதைக் கடைசியாக அழைக்கப்பட்ட புள்ளிகளோடு ஒப்பிடுங்கள். இடைவெளியை மொழியால், மாகாணப் பரிந்துரையால் அல்லது துணைவரின் தகைமையால் நிரப்ப முடியுமா என்று யோசியுங்கள். முடியும் என்றால் பரீட்சைக்குத் தயாராகுங்கள். முடியாது என்றால் அதை இன்றே அறிந்துகொள்வது நல்லது. காணி கைவிட்டுப் போன பிறகு அறிவதை விட அது எவ்வளவோ மேல்.